ஓரத்துப் புள்ளிகள்

எங்கள் தெரு பெரிய சாலையில் போய்ச் சேரும் மூலையில் இரண்டு நாற்காலி போட்ட சலூன் ஒன்று இருக்கிறது. இருபத்தொரு வருடமாக வாரம் இரண்டு சவரமும் மாதம் ஒரு முடிவெட்டும் எனக்கு அங்கேதான். நான் எழுதப்போகும் விஷயம் நடந்த வருடம் சலூன்காரருக்கு வயது ஐம்பத்தெட்டு. மெலிந்த தேகம், நீண்ட விரல்கள், அதிகம் பேசாத வாய். பேச்சுக்கெல்லாம் இரண்டாவது நாற்காலியில் அவருடைய மனைவியின் தம்பி இருந்தார். ஊர் அவரை மச்சான் என்றே அழைத்தது. வாடிக்கையாளர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

சலூன்காரரின் நாள் விடியலுக்கு முன்பே தொடங்கும். ஐந்து மணிக்கு, விடியல் பிந்தும் மார்கழியில் ஐந்தரைக்கு, வீட்டை விட்டுக் கிளம்பி, கடைசித் தெருவிளக்கைத் தாண்டி ஒன்றரை கிலோமீட்டர் நடந்து, மூடிக் கிடக்கும் கல்குவாரிக்குப் போவார். ஏழே கால் வரை அங்கே ஒரு கல்லின் மேல் அசையாமல் உட்கார்ந்திருப்பார். எட்டரைக்குக் கடையைத் திறப்பார். மழை கொட்டும் நாட்களையும் உடம்பு சரியில்லாத நாட்களையும் தவிர்த்துப் பதினான்கு வருடம் இப்படி.

குவாரியை வெட்டி முடித்து இருபத்தைந்து வருடம் ஆகியிருந்தது. அடியில் தண்ணீர் தேங்கிக் குளமாகிவிட்டது. சுற்றிலும் படிப்படியாக வெட்டிய கல் மேடைகள். அவற்றின் இடுக்குகளில் முள்ளும் கொடியும் மண்டியிருந்தன. தெற்குப் பக்கத்தில் நடு மேடையில், ஒரு புதருக்குள் ஆள் உட்காரும் அளவுக்கு இடைவெளி. அதற்குள் ஒரு பலகைக் கல். அதுதான் அவருடைய இடம். முதல் வருடம் தேர்ந்தெடுத்ததை அவர் மாற்றவே இல்லை.

அங்கே அவர் கண்டதைக் கேட்டால் நமக்கே பொறாமையாக இருக்கும். முக்குளிப்பான் தன் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போவதை, அந்த முதுகிலிருந்து ஒரு குஞ்சு வழுக்கி விழுந்து திரும்ப ஏறுவதை, அவர் எனக்குச் சோப்பு நுரையைக் கையில் வைத்தே நடித்துக் காட்டியிருக்கிறார். எதிர்ச்சுவரில் ஒரு பொந்தில் கொம்பன் ஆந்தை இணை வருடந்தோறும் முட்டையிட்டது. குஞ்சுகள் பறக்கத் தெரியாத வயதில் கல் விளிம்பில் கிழவர்களைப் போல வரிசையாக நடந்து பழகுமாம். ஒரு மீன்கொத்தி பிடித்த மீனைக் கல்லில் எத்தனை முறை அடித்துச் சாகடிக்கிறது என்று எண்ணி வைத்திருந்தார். மிகக் குறைந்தது நான்கு, மிக அதிகம் முப்பத்தொன்று. கீரி, உடும்பு, முள்ளம்பன்றி, ஒரு முறை நரியும் மூன்று குட்டிகளும். இதையெல்லாம் சொல்லும்போது அவருடைய முகம் மாறிவிடும். பேசாத மனிதர் பேசிக்கொண்டே போவார். நம் காதுக்கு மேலே கத்தரி சும்மா வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருக்கும்.

அவர் பார்க்காதது ஒன்றே ஒன்று. குவாரியில் ஒரு சிறுத்தை உண்டு என்பது ஊருக்கெல்லாம் தெரியும். விறகு பொறுக்கப் போன பெண்கள் பார்த்திருக்கிறார்கள். லாரி ஓட்டுநர் ஒருவர் பார்த்திருக்கிறார். தபால்காரர் மிதிவண்டியில் போகும்போது சாலையைக் கடந்து போனது என்று சத்தியம் செய்தார். முதல் வருடமே குளக்கரைச் சேற்றில் அதன் காலடியைச் சலூன்காரர் பார்த்து அளந்து எழுதியிருந்தார். ஆனால் சிறுத்தையை, கண்ணால், ஒரு நாள்கூட இல்லை. அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். வீடு கட்டவோ கடையைப் பெரிதாக்கவோ அவர் நினைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மச்சானுக்கு இது அவல் கிடைத்த மாதிரி. "மாமா, அதுக்கு முடி வளர்ந்து நம்ம கடைக்கு வந்தாத்தான் நீங்க பாப்பீங்க. அன்னிக்கும் பாருங்க, நீங்க டீ குடிக்கப் போயிருப்பீங்க" என்பார். கடை முழுக்கச் சிரிக்கும். சலூன்காரரும் சிரிப்பார், வாயால் மட்டும்.

அவருடைய குறிப்புப் புத்தகங்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மொத்தம் பதினொன்று. கையடக்கமான கோடு போட்ட நோட்டுகள். இடது பக்கம் நேரம், பிறகு உயிரினம், எண்ணிக்கை, செய்த காரியம். எழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருக்கும். பூச்சி அரிக்கத் தொடங்கிவிட்டது, நல்ல தாளில் படியெடுத்துத் தர முடியுமா என்று என்னைக் கேட்டார். நான் நீர்வழங்கல் அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் ஏரி மட்டமும் மழை அளவும் பதிவு செய்தவன். ஓய்வு பெற்ற பிறகு கைக்கு வேலை இல்லை. சரியென்றேன்.

அவருக்கு இரண்டு விதிகள். குவாரியில் உட்கார்ந்த பிறகு கழுத்தைத் திருப்பக் கூடாது. நாம் எவ்வளவு மெதுவாகத் திரும்பினாலும் எதிர்க்கரையில் இருக்கும் அத்தனையும் ஓடிவிடும், கழுத்தை அடக்கத் தெரியாதவன் வீட்டில் தூங்கலாம் என்பார். இரண்டாவது விதி, கண்ணால் பார்க்காததை எழுதக் கூடாது. காதில் விழுந்தது கணக்கில் சேராது. ஆனால் காதில் விழுந்ததை அடியோடு விட்டுவிடவும் அவருக்கு மனம் வரவில்லை. பக்கத்தின் வலது ஓரத்தில் அங்கங்கே பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தார். என்னவென்று கேட்டேன். முதுகுக்குப் பின்னால் தவிட்டுக்குருவிகள், ஆபத்தான எதையோ கண்டு கத்துவது போல, கூட்டமாகக் கத்தினால் ஒரு புள்ளியாம். எதைப் பார்த்துக் கத்தின என்று தெரியாது, ஆகவே எழுதவில்லை என்றார்.

நான் புள்ளிகளையும் சேர்த்தே படியெடுத்தேன். மூலத்தில் இருப்பது நகலில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அதில் எனக்கு வேறு எண்ணம் இல்லை. எடுத்துக்கொண்டிருக்கும்போதே கூட்டிப் பார்த்திருந்தால் பத்து மாதத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆனால் எங்கள் அலுவலக வழக்கம், எதையும் வருடக் கடைசியில்தான் கூட்டுவது. அந்தப் பழக்கத்தில், பதினொரு புத்தகமும் முடியும் வரை நான் ஒன்றையும் கூட்டவில்லை.

டிசம்பர் மாதம் இருபத்தெட்டாம் தேதி, மாலை நான்கு மணிக்கு, என் மேசையில் உட்கார்ந்து கூட்டினேன். பறவைகளைக் கூட்டி முடித்து, கடைசியாக, வேலை முழுமையாக இருக்கட்டும் என்று ஓரத்துப் புள்ளிகளையும் கூட்டினேன்.

முதல் வருடம் ஆறு புள்ளிகள். இரண்டாம் வருடம் ஒன்பது. நேரம் முன்பின்னாக, எப்படி வேண்டுமானாலும் இருந்தது. பாம்பாக இருக்கலாம், கீரியாக இருக்கலாம். மூன்றாம் வருடம் நாற்பத்தொன்று. அங்கிருந்து ஏறிக்கொண்டே வந்தது. பதினான்காம் வருடம் அவர் குவாரிக்குப் போன நாட்கள் இருநூற்று ஐம்பத்தொன்று. புள்ளி விழுந்த நாட்கள் இருநூற்றுப் பத்தொன்பது. எல்லாமே அவர் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கும் கால் மணி நேரத்துக்கும் இடையில். பாதி நாட்களில் இன்னொரு புள்ளி, அவர் எழுந்து படியேறும் நேரத்தில். மச்சானையும் கூட அழைத்துப் போனது நான்கு நாள். அந்த நான்கு நாளும் ஓரம் வெறுமையாக இருந்தது.

இன்னொரு முறை கூட்டினேன். அதே எண்தான். அறைக்குள் வெளிச்சம் இருந்தது, சமையலறையில் மருமகள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. இருந்தும் நாற்காலியைச் சுவரோடு சாய்த்துப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சவரத்துக்குப் போனேன். தலையைப் பின்னால் சாய்த்து, முகமெல்லாம் நுரையோடு இருந்தபோது, கூட்டல் விவரத்தைச் சொல்லத் தொடங்கினேன். ஏன் அந்த நேரத்தில் சொன்னேன் என்று கேட்டால், அவர் கையில் வேலை இருக்கும்போதுதான் காது கொடுப்பார் என்பது என் அனுபவம். கத்தி தாடைக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எண்ணைச் சொன்னேன். கத்தி நின்றது.

எடுக்கவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. என் தொண்டைமேல் அப்படியே நின்றது. கண்ணாடியில் அவருடைய கண்கள் என் கண்களைப் பார்த்தன.

"எத்தனைன்னு சொன்னீங்க, சார்?"

"இருநூத்திப் பத்தொம்பது" என்றேன், தொண்டையை அசைக்காமல்.

கத்தியை எடுத்துத் துண்டில் துடைத்தார். பிறகு மீதி சவரத்தை ஒரு கீறல் இல்லாமல் முடித்தார். அதற்குள் மச்சானுடைய வாய் மூடிவிட்டிருந்தது. அதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று மதியம் இரண்டு மணிக்குக் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் குவாரிக்குப் போனோம். அவருடைய கல்லுக்குப் பின்னால், புதருக்கு மேலே இன்னொரு கல் மேடை உண்டு. மேலே சுற்றிக்கொண்டு போனால் அதில் இறங்கலாம். பதினான்கு வருடத்தில் அவர் அங்கே போனதில்லை. பார்க்க அங்கே ஒன்றும் கிடையாது என்பது அவர் எண்ணம்.

மேடையின் விளிம்பில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்குக் கல் வழவழவென்று இருந்தது. மற்ற இடமெல்லாம் பாசி, அங்கே மட்டும் இல்லை. வழவழப்பின் நடுவில் ஒரு துண்டு கிடந்தது. அழுக்கேறி, தட்டையாக அழுந்தி, கல்லோடு கல்லாக. அதற்குக் கீழே இன்னொன்று. ஓரத்தில் நீலக் கோடு போட்ட துண்டுகள். சலூனில் நம் கழுத்தைச் சுற்றிப் போடுவார்களே, அதே துண்டுகள்.

அந்தத் துண்டுகளின் கதை எனக்குத் தெரியும். கடைத் துண்டு மொத்தம் முப்பத்தாறு. அவருடைய மனைவி தினமும் துவைத்து வீட்டுக் கொல்லையில் காயப்போடுவார். இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு சலூன்காரர் ஒன்பது நாள் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒரு துண்டு குறைந்தது. போன மழைக்காலத்தில் முதுகுப் பிடிப்பில் ஒரு வாரம் கிடந்தபோது இன்னொன்று. இரண்டுக்கும் மச்சான்தான் திட்டு வாங்கினார்.

சலூன்காரர் குனிந்து, துண்டில் ஒட்டியிருந்த முடிகளை விரல்நுனியால் எடுத்தார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, உருட்டி, இழுத்து, ஒடித்துப் பார்த்தார். தொழில் கை.

"ஒரு நாளைக்கு உதிர்ந்தது இல்ல, சார். அடியில இருக்கிறது மக்கிப்போய் ஒடியுது. மேல இருக்கிறதுல இன்னும் எண்ணெய்ப் பசை இருக்கு. இன்னிக்குக் காலையில உதிர்ந்ததா இருக்கும்." இன்னொரு முடியை வெளிச்சத்தில் பிடித்தார். "நரைச்சிருக்கு. என்னை மாதிரியே வயசாயிட்டு வருது."

அவரைக் கீழே அவருடைய கல்லில் போய் உட்காரச் சொன்னேன். கயிறு விட்டு அளந்தேன். மேடை விளிம்பிலிருந்து அவர் தலைக்கு நாலடி இரண்டு அங்குலம். பிறகு வழவழப்பான இடத்தில் நானே குனிந்து உட்கார்ந்து, அங்கிருந்து என்ன தெரிகிறது என்று பார்த்தேன். குளத்தைப் புதர் மறைத்தது. கரையும் தெரியவில்லை, சேறும் தெரியவில்லை. இரை தேடும் எதற்கும் அந்த இடத்தால் பயன் இல்லை. தெரிந்தது ஒன்றே ஒன்று. சலூன்காரரின் பின்கழுத்து.

வனத்துறைக்கு எழுத வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. திரும்பி நடக்கும்போது, கடைசித் தெருவிளக்குக்குப் பக்கத்தில் நின்று, ஒரே ஒரு காலை மட்டும் பொறுக்க முடியுமா என்று கேட்டார். "ஒரு தடவை பாத்துடறேன், சார். அது என்னைப் பத்துப் பன்னெண்டு வருஷமாப் பாத்திருக்கு. நான் அதை ஒரு நாள் பாக்க வேணாமா?"

ஆபத்து என்றேன். அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "நாப்பது வருஷமா நானும் கத்தியை வெச்சிக்கிட்டு அடுத்தவன் கழுத்துக்குப் பின்னாலதான் நிக்கிறேன். ஒருத்தனும் திரும்பிப் பாத்ததில்ல. நானும் ஒருத்தனையும் வெட்டல."

 இதற்குப் பதில் அவருடைய மனைவியிடம் இருந்தது. மச்சான் மூலம் விஷயம் அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கணவரை ஒன்றும் கேட்காமல் என்னைப் பார்த்துத்தான் பேசினார். பதினாலு வருஷம் இந்த மனுஷன் முழுசாத் திரும்பி வந்ததே பெரிசு, இனிமேல் குவாரிப் பேச்சு இந்த வீட்டில் கிடையாது என்றார். துண்டு எங்கே கிடந்தது என்று கேட்டார். சொன்னேன்.  கொல்லைக் கதவைப் போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சலூன்காரர் உட்கார்ந்தாரே தவிர சாப்பிடவில்லையாம். மூன்றாம் நாள் அந்த அம்மாள் என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, நீங்க கூட இருப்பீங்கன்னா ஒரே ஒரு நாள். அன்னியோட முடிஞ்சிடணும். இல்லேன்னா இவர் செத்தா அந்த ஆசையோடதான் சாவாரு, எனக்கு அது ஆயுசுக்கும் உறுத்தும்."

ஏற்பாடு இப்படி. நான் வடக்கு விளிம்பின் உச்சியில் இருப்பேன். அங்கிருந்து அவருடைய கல்லும் பின் மேடையும் நேராகத் தெரியும். நூற்றுத் தொண்ணூறு தப்படி தூரம். அவருடைய பைனாகுலர் என்னிடம். ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் என்னிடம். சிறுத்தை பாய்வதற்குப் பதுங்கினால் நான் தட்ட வேண்டும். அவரோ வழக்கம்போலத் திரும்பாமல் உட்கார்ந்திருப்பார். திரும்பினால் அது போய்விடும், எத்தனை வருடமானாலும் பார்க்க முடியாது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி அவருடைய கடையிலேயே இருந்தது. முடி வெட்டி முடித்ததும் நம் பின்னந்தலையை நமக்குக் காட்டுவதற்கு ஒரு கைக்கண்ணாடியைப் பிடிப்பார்கள். அதைக் கொண்டுவந்து, முதல் நாள் மதியமே தன் கல்லுக்கு எதிரே புதர்க் கிளையில் கம்பியால் கட்டிவிட்டார்.

ஜனவரி மூன்றாம் தேதி. ஐந்தே முக்கால் மணிக்கு நான் உச்சியில் இருந்தேன். காற்று இல்லை. குளத்தின்மேல் மெல்லிய பனி நின்றது. ஐந்து ஐம்பத்தெட்டுக்குச் சலூன்காரர் வந்து உட்கார்ந்தார். வெளுத்துக்கொண்டு வந்தது. ஆறு பத்துக்குத் தெற்குப் பக்கத்தில் தவிட்டுக்குருவிகள் கத்தத் தொடங்கின. பைனாகுலரை மேடைமீது வைத்துக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது வந்ததை நான் பார்க்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கண்ணை எடுக்கவே இல்லை. முதலில் கல் இருந்தது. பிறகு கல்லின்மேல் சிறுத்தை இருந்தது. நடுவில் ஒன்றும் நடக்கவில்லை. குருவிகள் நின்றுவிட்டன.

முன்னங்கால்கள் விளிம்புக்கு வெளியே தொங்க, துண்டு கிடந்த இடத்தில் படுத்திருந்தது. வாயைச் சுற்றி வெள்ளை. இடது காதில் பழைய கிழிசல். அது குளத்தைப் பார்க்கவில்லை, ஆந்தைப் பொந்தைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கீழே அந்தக் கழுத்தைப் பார்த்தது. நேரம் ஆறு பதிமூன்று.

சலூன்காரர் அசையவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்துவிட்டார் என்பது அவருடைய தோள்களிலேயே எனக்குத் தெரிந்தது. இரண்டு தோள்களும் மெல்ல இறங்கின, பெரிய சுமையைக் கீழே வைத்தவரைப் போல. பத்து நிமிடம் இருவரும் அப்படியே. குளத்தில் முக்குளிப்பான் கிளம்பியது. மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. உலகத்தில் எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் இருந்தது.

ஆறு இருபத்து நான்குக்குச் சலூன்காரர் தலையைக் குனிந்தார். தூக்கத்தில் விழுவது போல அல்ல. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, பின்கழுத்தில் கத்தி வைப்பதற்கு நம்மைக் குனியச் சொல்வார்களே, அப்படி. தாடை நெஞ்சில் படும் வரை குனிந்து, அப்படியே வைத்திருந்தார். சிறுத்தை எழுந்தது. முன்னுடம்பைத் தாழ்த்தி, கழுத்தை விளிம்புக்குக் கீழே நீட்டியது. அதன் மூக்குக்கும் அவர் கழுத்துக்கும் இரண்டு அடிகூட இருக்காது.

நான் தட்டியிருக்க வேண்டும். கரண்டி என் கையில் இருந்தது, கை தூக்கியபடி இருந்தது. தட்டினால் பயந்து அவர்மேலேயே விழுமோ என்று நினைத்ததாகப் பிறகு அவருடைய மனைவியிடம் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், அந்த நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால், மூன்று நான்கு தப்படிக்குள், தவிட்டுக்குருவிகள் கத்தத் தொடங்கின.

நான் திரும்பவில்லை. தைரியம் என்று யாரும் எண்ண வேண்டாம். கழுத்து வரவில்லை, அவ்வளவுதான். தட்டையும் கரண்டியையும் சத்தமில்லாமல் மடியில் வைத்தேன். என் நோட்டை எடுத்து, நேரம் ஆறு இருபத்தைந்து என்று எழுதி, பக்கத்தின் வலது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.  பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தபோது எதிர்மேடையில் வெறும் கல் இருந்தது. எனக்குப் பின்னாலும் சத்தம் அடங்கிவிட்டிருந்தது.

திரும்பி வரும் வழியில் சலூன்காரர் ஒரு குழந்தையைப் போல இருந்தார். கண்ணில் நீர் வந்துகொண்டே இருந்தது, இடையிடையே சிரித்தார். தெருவிளக்கு வந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"கண்ணாடியில என்னையே பாத்துச்சு, சார். சேர்ல உக்கார்றவங்க பாக்கற மாதிரி, கண்ணுக்குக் கண்ணு. அதுக்கும் தெரியும், கண்ணாடியில இருக்கிறது நான்னு."

ஏன் குனிந்தீர்கள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். அது பார்த்த பார்வைக்குத் தலை தானாகக் குனிந்ததாம். மூச்சு கழுத்தில் பட்டதாம். நம்ம சவர சோப்பு வாசனையைப் பிடித்துவிட்டுப் போயிற்று என்றார். பிறகு என் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். என் புள்ளியின்மேல் விரல் நின்றது.

"திரும்பிப் பாக்கலியே நீங்க?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு" என்று நோட்டை மூடிக் கொடுத்தார். 

அன்று கடையில் ஒருவருக்கு ஒரு கிருதா மேலேயும் இன்னொன்று கீழேயும் ஆகிவிட்டது. மச்சான் வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தினார், மாமா இன்னிக்குப் பெரிய இடத்து ஆளுக்கு வெட்டிட்டு வந்திருக்காரு, கை இன்னும் இறங்கல என்று.

மாலையில் சலூன்காரர் என் வீட்டுக்கு வந்தார். அவருக்கு ஒரு சந்தேகம். கண்ணாடியில் பார்த்தது கண்ணால் பார்த்ததாகுமா என்பது. ஆகும் என்றேன். அவர் யோசித்துவிட்டு, ஆகாது, கண்ணாடியில் இடது வலதாகத் தெரியும், அப்படித் தெரிவதைப் பதிவில் ஏற்ற முடியாது என்றார். கடைசியில் சிறுத்தை, எண்ணிக்கை ஒன்று, என்பது என் பெயரில்தான் பதிவாயிற்று. அவர் தன் பக்கத்தில் வழக்கம்போல ஒரு புள்ளி வைத்துக்கொண்டார்.

மனைவிக்குக் கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை. கண்ணாடி கடைக்குத் திரும்பியது. நான் வனத்துறைக்கு எழுதினேன். ஒருவர் வந்து பார்த்து, இதுவரை யாரையும் தொட்டதாகத் தகவல் இல்லை என்று சொல்லி, குவாரி வாசலில் ஒரு எச்சரிக்கைப் பலகையை நட்டுவிட்டுப் போனார். சலூன்காரர் ஐந்து மணிக்கு எழுந்து, கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பதினோராம் நாள் காலை கொல்லையில் துண்டை எண்ணிய அம்மாள் முப்பத்து மூன்று என்று கண்டார். இருக்க வேண்டியது முப்பத்து நான்கு. துவைக்கும் கல்லைச் சுற்றி ஈர மண்ணில் காலடிகள். அவை கொல்லைக் கதவு வரை வந்திருந்தன. கதவுக்கு முன்னால் மண் அழுந்தியிருந்தது. வெகுநேரம் அங்கே எதுவோ படுத்திருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம், அதற்கு நேர் எதிரே, கூடத்தில், சலூன்காரர் உட்கார்ந்திருந்த இடம்.

நான் போய்ச் சேர்ந்தபோது மச்சான் கையில் உலக்கையோடு நின்றுகொண்டிருந்தார். அம்மாள் கணவருடைய செருப்பையும் பைனாகுலரையும் எடுத்து வாசற்படியில் வைத்திருந்தார்.

"நீங்க அங்க போகலேன்னா அது இங்க வருது. உங்க சிநேகிதத்தை அங்கயே வெச்சிக்கோங்க. நாளையிலேர்ந்து போங்க. போய்ட்டு ஏழரைக்கு வீடு வந்து சேருங்க, இல்லேன்னா நான் வந்து ரெண்டு பேரையும் துடைப்பத்தால இழுத்துட்டு வருவேன்."

அழுகையோடுதான் சொன்னார். சலூன்காரர் மறுநாளே போனார். அதன் பிறகு ஒரு துண்டும் குறையவில்லை.

இன்னும் நாலு வருடம் போனார், கைக்கண்ணாடியோடு. புள்ளிகளை நான் மாதந்தோறும் கூட்டினேன். வருடத்துக்கு இருநூறுக்குக் குறையவில்லை. அவருடைய வாழ்க்கையில் அவர் மிகவும் மகிழ்ச்சியாக இருந்த காலம் அதுதான் என்று நினைக்கிறேன். கடையில் பாட்டு முணுமுணுத்தார். நானோ வடக்கு விளிம்புக்கு மறுபடி போகவில்லை. சாலையில் நடக்கும்போது தவிட்டுக்குருவி சத்தம் கேட்டால் ஒரு சுவரைத் தேடி முதுகை வைத்துக்கொள்கிறேன்.

போன மார்ச் பன்னிரண்டாம் தேதியோடு புள்ளிகள் நின்றன. அவர் ஒரு வாரம் பொறுத்தார். ஒரு மாதம் பொறுத்தார். கண்ணாடியில் வெறும் கல் மட்டும் தெரிந்தது. குருவிகள் பின்னால் சாதாரணமாகப் பேசிக்கொண்டு இரை பொறுக்கின. கொல்லையில் துண்டுகளும் சரியாக இருந்தன. அம்மாள் இப்போதும் எண்ணுகிறார். சில நாள் வேண்டுமென்றே ஒரு துண்டைத் துவைக்கும் கல்லின்மேல் விட்டுவிட்டு உள்ளே வருவதாக மச்சான் என்னிடம் சொன்னார்.

நாற்பத்தோராம் நாள், கழுத்து குளிர்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டு சலூன்காரர் கடைக்கு வந்தார். அன்றைக்கு நோட்டை என்னிடம் கொடுத்தார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகக் குவாரியில் அவர் திரும்பிப் பார்த்திருக்கிறார். அந்தப் பக்கத்தை அப்படியே படியெடுத்திருக்கிறேன்.

"ஏப்ரல் 22. காலை 5.50. குளம்: முக்குளிப்பான் 2, குஞ்சு 3. எதிர்ச்சுவர்: கொம்பன் ஆந்தை 1, உறக்கம். 6.05. திரும்பினேன். எதிர்ச்சுவர் ஆந்தை பறந்துவிட்டது. பின் மேடை: துண்டு 3. கண்ணால் பார்த்தது."